கூட்டத்துக்கு எப்போதும் அதே முகங்கள்தானா? மலையகச் சிறு டவுனில் எல்லோரையும் ஊர் விஷயத்தில் சேர்ப்பது பற்றி

கேள்வி இதுதான். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஹட்டன் பக்கத்துச் சிறு டவுன் ஒன்று. முன்பு ஒரு கடைவீதியும் கொஞ்சம் குவார்ட்டர்ஸும்தான். இப்போது தோட்டத்திலிருந்து வெளியே வந்து பத்துப் பேர்ச் காணி வாங்கி வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். பரம்பரையாகக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பங்களும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களும் இருக்கிறார்கள். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஆசிரியர்களும் தாதியரும் இருக்கிறார்கள். ஆனால் ஊர்க் கூட்டம் என்று கூப்பிட்டால் அதே பத்துப் பதினைந்து ஆண்கள்தான் வருகிறார்கள். "விழிப்புணர்வுக் கூட்டம் வைத்துப் பார்த்தோம், யாரும் வரவில்லை. மக்களுக்கு அக்கறை இல்லையா?" என்று முன்பள்ளியில் படிப்பிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்.

அக்கறை இருக்கிறது தங்கச்சி. சாவு வீட்டுச் செலவுக்கு உதவும் மரணாதார சங்கத்துக்கு மாதச் சந்தாவைத் தவறாமல் கட்டுகிற குடும்பங்கள்தானே இவை? திருவிழாவுக்கு வரி பிரித்தால் கடன்பட்டாவது கொடுக்கிறார்கள். பள்ளிவாசல் வேலை, பன்சலை என்ற பௌத்த விகாரையில் சிரமதானம் என்றாலும் அப்படித்தான். அந்த இடங்களில் கேட்டால் பதில் கிடைக்கும், கொடுத்த காசுக்குக் கணக்கு கிடைக்கும். உள்ளூராட்சி நடத்தும் பிரதேச சபைக்குப் போய் ஒரு விஷயம் சொன்னால் அது எங்கே போனது என்றே தெரிவதில்லை. ஒரு தடவை கேட்டுப் பதில் வராதவர் இரண்டாம் தடவை வர மாட்டார். பேசத் தெரிந்தவரும் ஆள் தெரிந்தவரும்தான் மிஞ்சுவார்கள். நீங்கள் பார்க்கும் அந்தப் பதினைந்து பேர் அப்படி மிஞ்சியவர்கள். ஆகவே கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். சாதாரண மனிதர் ஒருவர் தன் பெயரில் கேட்ட கேள்விக்குத் தன் மொழியில் எழுத்தில் பதில் வாங்குவதற்கு என்ன வழி என்று முதலில் பாருங்கள். நான் சொல்லப் போவதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

மலையகத்தில் இது ஏன் மற்ற இடங்களைவிடக் கடினம் என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1947 தேர்தலில் நமது ஆட்கள், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள், வாக்களித்தார்கள், பாராளுமன்றத்துக்கும் போனார்கள். அடுத்த வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பங்கிட்டன. 1977இல் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போகும் வரை, ஒரு முழுத் தலைமுறைக்குத் தேர்தல் என்றால் அடுத்தவர் வீட்டு விசேஷம்தான். 1988இல் ஒரு சட்டம், 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் என்று வந்த பிறகுதான் நாடற்றவர் என்ற பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வந்தது.

இதை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. இன்று உங்கள் டவுனில் எழுபது வயதில் இருக்கும் ஒரு அம்மா, தன் வாழ்க்கையின் பெரும் பகுதியை வாக்கில்லாமல் கழித்திருக்கலாம். அரசாங்க அலுவலகம் என்றால் அவருக்கு என்ன ஞாபகம் வரும்? பத்திரம் கேட்பார்கள், அது இல்லை என்பார்கள், திருப்பி அனுப்புவார்கள். அதனால் எந்தக் காரியத்துக்கும் நேரே போகாமல் தலைவர் மூலம், கணக்கப்பிள்ளை மூலம், தோட்டத்தை நடத்தும் துரை மூலம், அப்புறம் அரசியல்வாதி மூலம் போகிற பழக்கம் வந்தது. அந்தக் காலத்தில் அதுதான் ஒரே வழி. தொழிற்சங்கம் இல்லாவிட்டால் பிரஜாவுரிமையும் கிடைத்திருக்காது, சம்பளமும் ஏறியிருக்காது. அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் டவுனுக்கு வந்து வீடு கட்டிய பிறகும் கூடவே வருகிறது. வீட்டுக்கு முன்னால் வடிகான் அடைத்துக்கொண்டால்கூட சபைக்கு ஒரு கடிதம் எழுதாமல், யாராவது பெரிய ஆளைப் பிடிக்கிறோம். பெரிய ஆள் தெரியாதவர்கள் வடிகானோடு வாழ்கிறார்கள்.

உள்ளூராட்சி விஷயத்தில் இன்னொரு தடையும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் பணத்தைச் செலவழிக்க முடியாதபடி தடுத்து வைத்திருந்தது. நமது ஆட்கள் வாக்களித்து, நமது ஆட்களே உறுப்பினராகி, தவிசாளராகி உட்கார்ந்தாலும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போகும் பாதைக்குக் கொங்கிரீட் போட முடியாது. "அது தோட்டத்து வேலை" என்பார்கள். தோட்டத்தில் கேட்டால் "சபையிடம் கேளுங்கள்" என்பார்கள். அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. அம்பகமுவ சபையிலிருந்து மஸ்கெலியாவும் நோர்வூட்டும், நுவரெலியா சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனிச் சபைகளாயின. ஒரு சபைக்குள் அளவுக்கு மிஞ்சிய சனத்தொகை என்ற நீண்ட நாள் குறைக்கு அது ஒரு பதில்.

சட்டம் மாறிவிட்டது, ஆனால் பேச்சு மாறவில்லை. இன்றைக்கும் "அது தோட்டம், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்ற பதிலைக் கேட்கலாம். அப்படிச் சொன்னால் கோபப்படாமல், எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பல வேலைகள் நகர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்து வாக்காளர் இடாப்பு. சலிப்பான விஷயம் போலத் தெரியும். ஆனால் மாறிக்கொண்டிருக்கும் ஒரு டவுனில் யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானிப்பது இதுதான். உங்கள் டவுனில் வாடகைக்கு இருப்பவர்களில் எத்தனை பேர் அங்கே பதியப்பட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் வாடகைக்காரர் பெயரைத் தன் விலாசத்தில் போட விரும்ப மாட்டார். பெயர் ஏறினால் வீட்டில் உரிமை கேட்பார்கள் என்ற பயம். வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதால் யாருக்கும் வீட்டில் உரித்து வராது, அது வேறு சட்டம். இதை வீட்டுக்காரர்களுக்கு யாராவது நிதானமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பெயர் இன்னும் பழைய லயத்து முகவரியிலேயே கிடக்கும். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் தாய் வீட்டில் இருக்கும். கொழும்பில் கடையில் வேலை செய்யும் பையன் எங்கேயும் இருக்க மாட்டான்.

இடாப்பு ஒவ்வொரு வருடமும் திருத்தப்படுகிறது. பெப்ரவரி 1ஆம் திகதி நீங்கள் வழக்கமாக எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. புதிதாக 18 வயதாகும் பிள்ளைகள் அடுத்த வருடம் வரை காத்திருக்காமல் இடையிலேயே சேர 2021 திருத்தம் வழி செய்தது. கிராம உத்தியோகத்தர் வேலை செய்யும் நாட்களில் நாலு இளைஞர்கள் ஒரு வீதியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், பெயர் இருக்கிறதா என்று கேட்டால் போதும். இதற்கு மேடையோ பேனரோ தேவையில்லை. இந்த வேலையை எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் கலந்து செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு சமூகத்தினர் மட்டும் போனால், தங்கள் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள் என்ற சந்தேகம் ஒரே வாரத்தில் டவுன் முழுக்கப் பரவிவிடும்.

மொழியைப் பற்றி கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளைச் சேர்த்தது. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளும் பதுளை மாவட்டத்தின் சில பிரிவுகளும் வர்த்தமானி மூலம் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அப்படியென்றால் அங்கே தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அலுவலகம் நமக்குச் செய்யும் உபகாரம் அல்ல. பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால், தமிழில் தாருங்கள் என்று கேட்டு மறுபடி எழுதலாம். அதற்கும் சரிவரவில்லை என்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். 1991இன் 18ஆம் இலக்கச் சட்டத்தில் அமைக்கப்பட்ட அந்த ஆணைக்குழுவின் வேலையே இதுதான்.

சரி, கூட்டத்தில் மொழியை எப்படி வைத்துக்கொள்வது? பெரும்பாலான ஊர்க் கூட்டங்களில் ஒரு மணி நேரம் சிங்களத்தில் பேசுவார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, இதுவரை பேசியதைத் தமிழில் ஐந்து நிமிடத்தில் சொல்வார். அதற்குள் முடிவு எடுத்தாயிற்று. தமிழ் மட்டும் தெரிந்தவர் அங்கே உட்கார்ந்திருந்தார், கலந்துகொள்ளவில்லை. தமிழ்ப் பெரும்பான்மை இருக்கும் கூட்டத்தில் இதே அநியாயம் சிங்கள அயலவருக்கு நடக்கிறது, அதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். என் யோசனை மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு விஷயத்தையும் முடிவு எடுக்கும் முன் மற்ற மொழியில் சொல்ல வேண்டும், அதற்கு முன் கை தூக்கச் சொல்லக் கூடாது. கூட்டம் இரட்டிப்பு நேரம் எடுக்கும். ஆகவே பத்து விஷயத்தை வைக்காமல் மூன்றை வையுங்கள். மொழிபெயர்க்க வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை. நமது டவுன்களில் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி தமிழ், பிள்ளைகள் சிலர் சிங்கள மொழிமூலம் படிக்கிறார்கள். கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், மருந்துக்கடைப் பிள்ளைகள் நாள் முழுக்க இரண்டு மொழியிலும் வாழ்கிறார்கள். இவர்களை முறையாகக் கேட்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, கூட்டக் குறிப்பில் அவர் பெயரையும் எழுதுங்கள். இதுவரை கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு இளைஞர் அன்றைக்கு நடுவில் நிற்பார்.

நேரமும் இடமும் பற்றி நம் ஆட்கள் போதிய அளவு யோசிப்பதில்லை. சபை அமர்வு வார நாளில் காலையில் நடக்கும். கொழுந்து எடுக்கும் ஒரு பெண் அதற்கு வர வேண்டுமென்றால் அன்றைய பேர் போய்விடும், அதாவது ஒரு நாள் சம்பளம். அதை இழந்து அவர் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? சபை அமர்வு பொதுமக்களுக்குத் திறந்ததுதான். அங்கே யார் போகலாம் என்பதைவிட யாரால் போக முடிகிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஊர்க் கூட்டத்தையாவது ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாம். பௌர்ணமிப் போயா தினத்தில் பன்சலைக்குப் போகிறவர்கள் வர மாட்டார்கள். வெள்ளி மதியம் ஜும்மா, வெள்ளி மாலை கோவில். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக் கூட்டத்தை முடிக்க வேண்டும். மழைக் காலத்தில் இருட்டிய பிறகு மேட்டு லயத்துக்கு ஏறிப் போகச் சொல்லக் கூடாது. இடத்தை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். ஒரு மாதம் தமிழ்ப் பாடசாலை மண்டபம், அடுத்த மாதம் சிங்களப் பாடசாலை, அப்புறம் பள்ளிவாசலுக்குச் சொந்தமான மண்டபம், அடுத்து தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம். நாலாவது மாதத்தில், முன்பு கால் வைத்தே இராத இடத்தில் எல்லோரும் ஒரு தடவையாவது உட்கார்ந்திருப்பார்கள்.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வருவார்கள் என்று நினைத்து ஒரு மூலையில் பாயும் கிரேயோனும் வைத்து, ஒரு பெரிய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வையுங்கள். முன்பள்ளியில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெண்கள் விஷயத்தில் ஒரு நல்ல வாசல் திறந்திருக்கிறது. 2018 உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து உறுப்பினர்களில் 25 சதவீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் நாடு முழுக்க உள்ளூராட்சி உறுப்பினர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் பெண்கள் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் உழைப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள், சங்கத் தலைவர்களோ பெரும்பாலும் ஆண்கள். அப்படிப்பட்ட இடத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். 2025 மே 6ஆம் திகதி தேர்தலிலும் புதிய பெண்கள் பலர் சபைகளுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் வட்டாரத்தில் வென்றவர் ஒருவர், விகிதாசாரப் பட்டியலில் வந்தவர் ஒருவர் என்று சபைக்குள்ளேயே ஒரு வித்தியாசம் காட்டுகிறார்கள். பட்டியலில் வந்த பெண் உறுப்பினருக்கு வட்டாரம் இல்லை என்று சொல்லி வேலை கொடுப்பதில்லை. ஊரவர் நீங்கள் அவரிடம் நேரே போங்கள். உங்கள் கடிதத்தின் ஒரு பிரதியை அவர் பெயருக்கும் கொடுங்கள். சபையில் அதை எழுப்பச் சொல்லுங்கள். மக்கள் தேடி வருகிற உறுப்பினரை எந்தத் தவிசாளரும் லேசாக ஒதுக்க முடியாது.

எந்த விஷயத்தை வைத்துத் தொடங்குவது என்று கேட்டால், தண்ணீர் என்பேன். தெருவிளக்கும் நல்ல விஷயம்தான், பஸ் நிலையத்துக் கழிவறையும் அப்படியே. ஆனால் மலைநாட்டில் எல்லோரையும் ஒன்றாகக் கட்டிப் போடுவது தண்ணீர்தான். ஊற்று தோட்டத்துக் காட்டுக்குள் இருக்கும். அதிலிருந்து வரும் ஓடையான கான் லயத்துக்குப் பக்கத்தால் இறங்கும், கீழே சிங்களக் கிராமத்து மரக்கறித் தோட்டத்துக்குப் பாயும், அப்புறம் டவுன் கடைகளுக்குப் பின்னால் ஓடும். மேலே மருந்து அடித்தால் கீழே குடிப்பவர்களுக்கு வருத்தம். டவுனில் கொட்டும் குப்பை அடுத்த ஊருக்குப் போகிறது. ஹட்டன் மேட்டில் ஒரு பக்கம் விழும் மழை காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வழியாகக் களனி கங்கையில் சேர்கிறது, மறு பக்கம் விழுவது கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாக ஒரு ஓடை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கானை ஊற்றிலிருந்து பாலம் வரை எல்லோரும் சேர்ந்து நடந்து பாருங்கள். தோட்டத்தில் ஒருவர், கிராமத்தில் ஒருவர், கடைவீதியில் ஒருவர், பாடசாலைப் பிள்ளைகள் சிலர், முடிந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். எங்கே குழாய் உடைந்திருக்கிறது, எங்கே கழிவு விழுகிறது என்று போன் கமராவில் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் நடக்கும்போது பேசுவார்கள். தண்ணீர் எடுக்கும் பெண்களுக்குத்தான் எந்த மாதத்தில் எந்த நீர்ப்பீலி வற்றும் என்று தெரியும், அங்கே அவர்கள்தான் நிபுணர்கள். நிறுவன ரீதியாகவும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1990களில் பதுளை, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் தொடங்கிய சமுதாய நீர் வழங்கல் திட்டங்களில், பாவனையாளர்களே சங்கம் அமைத்து, மாதக் கட்டணம் அறவிட்டு, குழாய் திருத்தி நடத்தினார்கள். அப்படிப்பட்ட நீர்ச் சங்கங்கள் பல இன்றைக்கும் ஓடுகின்றன. பணம் வாங்கினால் தண்ணீர் வர வேண்டும், வராவிட்டால் பொருளாளர் வீட்டுக்கே போய்க் கேட்பார்கள். மக்கள் பங்கேற்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் பொருந்தும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம், தகவல் அதிகாரி அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இதைச் சண்டைக்கான ஆயுதமாகப் பார்க்காதீர்கள். இந்த வருடம் நமது வட்டாரத்துக்குத் தெருவிளக்குக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எந்தெந்தக் கம்பத்தில் போட்டீர்கள் என்ற சிறு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பதில் வந்ததும் அதைக் கடையில், கோவில் அறிவிப்புப் பலகையில், பள்ளிவாசல் வாசலில், பன்சலை மண்டபத்தில் இரு மொழியிலும் ஒட்டுங்கள். ஊர் முதல் தடவையாகத் தன் கணக்கைப் பார்க்கும். பார்த்த பிறகு, எங்கள் சந்துக்கு ஏன் இல்லை என்று நாலு பேர் கேட்பார்கள். அந்த நாலு பேரைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

நல்லிணக்க நிகழ்ச்சிகளைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நாலு மதத் தலைவர்கள் குத்துவிளக்கு ஏற்றி, ஒவ்வொரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரு நடனம் ஆடி, குழுப்படம் எடுத்துக் கலைவதில் எந்தத் தீமையும் இல்லை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஆனால் அதைச் செய்துவிட்டு, எல்லோரையும் சேர்த்துவிட்டோம் என்று அறிக்கை எழுதினால் அது எனக்கு வேதனையாக இருக்கிறது. மேடையில் ஒன்றாக நின்றவர்கள் மறுநாள் குப்பை லொறி எந்தச் சந்துக்கு வரும் என்பதில் ஒன்றாக உட்கார்ந்தார்களா என்று பாருங்கள். உட்கார வைக்க ஒரு வழியும் உண்டு. சபைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ளப் பிரதேச சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சுகாதாரத்துக்கு, வீதிக்கு என்று இருக்கும் குழுக்களில் தோட்டத்திலிருந்து ஒருவர், வாடகைக்கு இருப்பவர்களில் ஒருவர், ஆட்டோச் சங்கத்தில் ஒருவர் என்று பெயர் கொடுத்துக் கடிதம் எழுதுங்கள். பெயர் கொடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சத்தமாகப் பேசுபவரை விட்டுவிட்டு, மரணாதார சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ கணக்குக் கொப்பி எழுதுபவரைத் தேர்ந்தெடுங்கள். காசில் ஊர் நம்புகிற ஆளை மற்ற விஷயத்திலும் நம்பும்.

தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு இதைச் செய்ய முயலாதீர்கள். தங்கள் இடம் போய்விடும் என்று அவர்கள் நினைத்தால் முதல் கூட்டத்திலேயே ஆட்களை வர விடாமல் செய்துவிட முடியும். போய்ச் சந்தித்து, இது சம்பள விஷயம் அல்ல, ஊர் விஷயம், நீங்களும் ஒரு அயலவராக வாருங்கள் என்று சொல்லுங்கள். பலர் சந்தோஷமாக வருவார்கள். அவர்கள் வீட்டுக்கு முன்னாலும் வடிகான் இருக்கிறது.

எல்லோரையும் சேர்ப்பது வெறும் நல்ல பழக்கத்துக்கான காரியம் அல்ல என்பதற்கு மண்சரிவை நினைத்துப் பாருங்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னது, வேறு இடமும் வீடுமாக மாறி அந்தக் குடும்பங்களைச் சென்றடையவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மறுபடியும் மலைகள் சரிந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு வந்தால் உடனே வெளியேற வேண்டும். உங்கள் டவுனில் அந்தச் செய்தி நடு இரவில் யார் மூலம் யாருக்குப் போகும்? போன மாதம் வாடகைக்கு வந்த குடும்பத்தின் போன் இலக்கம் யாரிடம் இருக்கிறது? மேட்டு வீட்டில் தனியாக இருக்கும் சிங்களப் பாட்டிக்கு, சிவப்பு வந்திருக்கிறது என்று அவர் மொழியில் சொல்லப் போவது யார்? வீதிக்கு வீதி இந்தப் பெயர்ப் பட்டியலைப் போடுங்கள். இதைச் செய்யும்போது தமிழ், சிங்களம், முஸ்லிம், வந்தவர், இருந்தவர் என்று யாரையும் விட முடியாது. விட்டால் பட்டியலே பிழை. என்னைக் கேட்டால் எல்லாக் கூட்டங்களுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். இதற்காக ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் யாரும் மூட மாட்டார்கள்.

கால அட்டவணையை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். சபையின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் டிசம்பர் முடிவதற்குள் நிறைவேற வேண்டும், அதன் வேலை சில மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். உங்கள் வீதி கேட்பதை ஆகஸ்ட், செப்டெம்பரில் கொடுத்துவிடுங்கள். நவம்பரில் கொடுத்தால், எல்லாம் முடிந்துவிட்டது என்பார்கள். ஒரு கடிதத்தில் ஒரே ஒரு விஷயம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள், கையெழுத்தில் எல்லா வீடுகளும் இருக்கட்டும், தலைவர் பெயர் முதலில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட்ட பிரதியை, கையெழுத்து வைத்தவர்களிலேயே வயதில் மிகக் குறைந்தவரிடம் பத்திரமாக வைக்கக் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சபைக்குப் போய்க் கேட்க வேண்டியவர் அவர்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.